திவசச் சமையலும் பக்கத்து வார்த்தைகளும்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து மூன்று போன். மூன்றும் கேள்வி. ஆர்டர் ஒன்றுகூட இல்லை.

இந்த மாதம் இதுவரை இரண்டே இரண்டு திவசம் சமைத்திருக்கிறேன். பதினாலு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. மாட்டுங்காவில் இந்தச் சமையலறையை எடுத்த புதிதில் நானும் பிரேமலதாவும் ஒரே காலையில் மூன்று வீட்டுக்குச் சமைத்து அனுப்பியிருக்கிறோம். ஆள் அனுப்பிக்கொண்டிருந்த சாஸ்திரிகளில் ஒருவர் மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டார். இன்னொருவர் போயே போய்விட்டார். மிச்சம் செம்பூர் சாஸ்திரிகள் ஒருவர்தான். சின்னவர்கள் யாரும் சாஸ்திரிகளைக் கேட்பதில்லை, போனைக் கேட்கிறார்கள்.

மத்தியானம் இடத்துக்காரர் ஜெயராம் வந்தார். உட்காரவில்லை. "மாமி, செப்டம்பர் முப்பதோட அக்ரிமெண்ட் முடியறது. தொடரேளா இல்லையான்னு பிள்ளையார் சதுர்த்திக்குள்ள சொல்லிடுங்கோ. மோமோஸ் பண்றவன் ஒருத்தன் கேட்டுண்டே இருக்கான்."

மோமோஸ்! மடித்துணி உலர்த்துகிற கொடியில் அவன் எதை உலர்த்தப் போகிறான்? பிரேமலதா எள்ளை இரண்டு தடவை வறுத்துக் கருக்கிவிட்டாள். அவளுக்கு இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்கும், சமைக்கத் தெரிந்தவளுக்கு பம்பாயில் என்ன பஞ்சம். எனக்கு? எனக்கு இது ஒன்றுதான் தெரியும்.

ஜூன் 14, சனி

ஆத்துக்காரர் ரிடையர் ஆனதிலிருந்து பேப்பரை முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் இரண்டு தடவை படிக்கிறார். இன்று எனக்கு உதவி செய்கிறேன் என்று போனை எடுத்து, திவசச் சமையல் மாட்டுங்கா என்று தேடினார். முதலில் நெருளில் இருக்கும் ஒரு கேட்டரிங்காரர். அப்புறம் ஒரு ஹால். அப்புறம் காசி யாத்திரை. அப்புறம் யாரோ சமைக்கும் வீடியோ. நாலாவது பக்கம் வரை தள்ளிப் பார்த்தார்.

"தேடினா நீ அகப்படவே மாட்டேங்கறயே பானு. கண்ணாடியத் தேடினா மட்டும்தான் நீ வரே."

சிரிப்பு வேறு. இந்த வேங்கடசுப்ரமணியனைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷமாக இந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். எனக்கும் ஒரு இணையப் பக்கம் இருக்கிறது, யாரோ ஏழு வருஷம் முன்னால் செய்து கொடுத்தது. பேர், போன் நம்பர், ஒரு வாழையிலைப் படம், அதைச் சுற்றி ஸ்ராத்தம் ஸ்ராத்தம் என்று. அதை யாரும் பார்த்ததில்லை என்று இன்றுதான் தெரிகிறது.

ஜூன் 17, செவ்வாய்

மானசா வந்தாள். ஷாலினியின் பெண். இங்கே திலக் நகரில் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தார்கள். அவள் அப்பா சாய்நாத் போய் இரண்டு வருஷம் ஆகிறது, அதற்கப்புறம் அம்மாவும் பெண்ணுமாகக் கோபர்கைரனேக்கு மாறிவிட்டார்கள். வடாலாவில் ஒரு கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், யாராவது எதையாவது தேடினால் தன் வாடிக்கையாளர் முதலில் வரும்படி செய்வதாம்.

என் பக்கத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரே மாமி, இதுல ஸ்ராத்தம்ங்கற வார்த்தை பதினேழு தடவை இருக்கு. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா ஒண்ணும் ஆகாது. அதோட சேர்ந்து வர்ற வார்த்தை வேணும். இப்ப கல்யாணம்னு ஒரு பேஜ் போட்டா முகூர்த்தம், மண்டபம், நாதஸ்வரம், சீர் எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்ல? இருந்தாத்தான் இது நெஜமாவே கல்யாணத்தப் பத்தின பேஜுன்னு சர்ச் இன்ஜின் நம்பும்."

"எங்க தொழில்ல அந்த வார்த்தைக்குப் பக்கத்துல ஒண்ணும் வராதுடி. எல்லாரும் வாய மூடிண்டுடுவா" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினாலு வருஷமாக எனக்கு போன் பண்ணுகிறவர்கள் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது. 'அம்மாவோட நாள் வரது மாமி' என்பார்கள். 'பதினெட்டாம் தேதி நமக்கு இருக்கு' என்பார்கள். நானும் என்ன ஏது என்று கேட்க மாட்டேன். வாசலில் போர்டு வைத்ததில்லை. திவச வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரேன்' என்றுகூடச் சொல்வதில்லை. இதில் பக்கத்து வார்த்தைக்கு எங்கே போவது?

"டென்ஷன் ஆகாதீங்கோ. அதுக்கு ஒரு டூல் இருக்கு. அது எடுத்துத் தரும்" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

டூல் எடுத்துத் தந்துவிட்டது. கேட்டரிங் என்ற வார்த்தைக்கு உறவுக்கார வார்த்தைகளாம், அறுபத்திரண்டு அனுப்பியிருக்கிறாள். பஃபே. லைவ் கவுண்டர். வெல்கம் டிரிங்க். பர்த்டே. கிட்டி பார்ட்டி. தீம் டெகரேஷன். அன்லிமிடெட். சாட். மாக்டெயில்.

எனக்கு அவற்றில் ஒன்றோடும் உறவு கிடையாது. சொன்னேன். "இதெல்லாம் ஃபர்ஸ்ட் பேஜ்ல இருக்கறவா யூஸ் பண்ற வார்த்தை மாமி, டேட்டா இருக்கு" என்கிறாள். டேட்டா இருக்கிறதாம். அது வந்து பிரண்டை அரைக்குமா?

ஜூலை 2, புதன்

புதுப் பக்கம் வந்துவிட்டது. இங்கிலீஷில். ஆத்துக்காரர் நிறுத்தி நிறுத்தி எனக்குத் தமிழில் சொன்னார், ஒவ்வொரு வரிக்கும் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டு. 'ஸ்ராத்தமோ பர்த்டேயோ கிட்டி பார்ட்டியோ, உங்கள் சிறப்பான நாளை மறக்க முடியாத அனுபவமாக்க எங்களிடம் வாருங்கள்.'

கேட்ட உடனே மானசாவுக்கு போன் பண்ணினேன். ரயிலில் இருந்தாள். "ஒரு மாசம் விடுங்கோ மாமி. ரேங்க் ஏறட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

விட்டேன். ஜெயராமின் தேதி மண்டைக்குள் ஓடுகிறது. வேறு என்ன செய்ய?

ஜூலை 8, செவ்வாய்

ஏறிவிட்டது! மாட்டுங்கா சவுத் இந்தியன் கேட்டரிங் என்று தேடினால் ஏழாவதாக நான் வருகிறேன். போன் ஓயவில்லை. வடாலாவிலிருந்து ஒரு ஹல்தி, கல்யாணத்துக்கு முன் மஞ்சள் பூசுகிறார்களே அது, நூறு பேர், பனீர் இருக்கிறதா என்று. சயானில் ஆபீஸ் பார்ட்டி. முலுண்டில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள், இட்லியை மிக்கி மௌஸ் மாதிரி ஊற்ற முடியுமா?

முடியாது, முடியாது, முடியாது.

ஜூலை 12, சனி

டிஜே வருமா என்று கேட்டவனிடம், "வராது, காக்காய்தான் வரும்" என்றேன். பிரேமலதா சிரித்தாள், ஒரு மாதத்தில் முதல் தடவையாக.

ஜூலை 15, செவ்வாய்

எழுதக்கூடக் கை வரவில்லை.

நெருளிலிருந்து ஒருவர் போன். மரியாதையான குரல். நேற்று பக்கத்தைப் பார்த்துவிட்டு அதிலிருக்கும் படிவத்தில் பேர், தேதி எல்லாம் போட்டு அனுப்பியிருக்கிறார், அம்மாவுடைய பதிமூன்றாம் நாளுக்கு. அனுப்பிய நிமிஷமே அவருக்கு என் பேரில் ஒரு செய்தி தானாகப் போயிருக்கிறது. வாழ்த்துகள்! உங்கள் கொண்டாட்டத்தில் பங்கேற்க ஆவலாக இருக்கிறோம்! மறுபடியும் மறுபடியும் வாருங்கள்! பலூன் படம் வேறு.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "எங்க அம்மா போய் எட்டு நாள்தான் ஆறது. என் பொண்ணு போனைப் பாத்துட்டு, அப்பா, கொண்டாட்டமாம்ப்பான்னு கேட்டா. உங்களுக்குத் தெரியணும்னுதான் போன் பண்ணினேன். நான் வேற எடம் பாத்துக்கறேன் மாமி."

மன்னிச்சுக்கோங்கோன்னு சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்னு தெரியலை. அவர் வெச்சப்புறமும் சொல்லிண்டே இருந்தேன் போலிருக்கு, பிரேமலதா வந்து போனை வாங்கி வெச்சா. துக்க வீட்டுல போய் மறுபடியும் வாங்கோன்னு என் பேரு சொல்லியிருக்கு. என் பேரு. சீ.

ஜூலை 16, புதன்

மானசாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "டெம்ப்ளேட் மாமி, எல்லா கேட்டரிங் கிளையண்டுக்கும் அதான் போகும், நான் செக் பண்ணலை" என்றாள். உன் அப்பா காரியத்தின்போது உனக்கு பலூன் வந்திருந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டுவிட்டேன். போன் கட்டாகிவிட்டது, அல்லது கட் பண்ணினாள்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

சாயங்காலத்துக்குள் பலூன், பர்த்டே, மாக்டெயில் எல்லாம் பக்கத்திலிருந்து போய்விட்டன. ஏழாவது இடமும் போய்விட்டது.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

போன வருஷம் இதே நாளில் ஆறு வீடு. இன்று ஒன்று.

ஆனால் போன்? விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை பத்தொன்பது. சேப்பங்கிழங்கு போடலாமா? பச்சை மிளகாய்க்குப் பதில் என்ன? காஸ் அடுப்பில் சமைத்தால் பரவாயில்லையா? பெருங்காயம் தெரியாமல் போட்டுவிட்டேன், கொட்டிவிட வேண்டுமா? எங்கள் மாடியில் காக்காயே வருவதில்லை, புறாதான் வருகிறது, அதற்கு வைக்கலாமா? மாமியார் ஊரில் இல்லை, யூட்யூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நீங்கள் சொல்லுங்கள் மாமி. சொன்னேன். பத்தொன்பது பேருக்கும் நின்றுகொண்டே சொன்னேன். ஒருத்தருக்காவது சரி மாமி, நீங்களே சமைத்து அனுப்பிவிடுங்கள் என்று தோன்றவில்லை. நான் என்ன இலவச விசாரணைக் கவுண்டரா?

ஜூலை 26, சனி

மானசா லேப்டாப்போடு சமையலறைக்கே வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வந்தாளா, சண்டைக்கு வந்தாளா என்று தெரியவில்லை, இரண்டும் நடக்கவில்லை. நானும் அன்று சொன்னதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். செருப்பை வெளியில் விடச் சொன்னேன்.

அப்போதே போன். கல்யாணில் ஒரு பெண், புகுந்த வீட்டில் முதல் தடவையாகச் செய்கிறாளாம். பாகற்காயில் வெல்லம் போடலாமா, எள்ளுருண்டைக்குக் கறுப்பு எள்ளா வெள்ளை எள்ளா, வடைக்கு மிளகு எத்தனை, முதல் நாளே இலை வாங்கி வைத்தால் வாடாதா, காக்காய் வராவிட்டால் என்ன செய்வது, கேட்கலாமென்றால் மாமியார் ஊரில் இல்லை. பதினோரு நிமிஷம். வைத்ததும் நான் கத்தினேன். "பாத்தியா? இதான் என் பொழப்பு! கேக்கறதுக்கு ஊர் பூரா இருக்கா, வாங்கறதுக்கு நாதி இல்லை!"

மானசா நிமிரவில்லை. டைப் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"மாமி, அவா கேட்ட ஒவ்வொண்ணையும் எழுதிண்டிருக்கேன். கறுப்பு எள், பாகற்காய், மிளகு, வாழையிலை, காக்கா, மாமியார் ஊர்ல இல்லை... நான் டூல்ல தேடினேன். தப்பான எடத்துல தேடியிருக்கேன். இதெல்லாம்தான் பக்கத்து வார்த்தை. பூரா உங்க போன்லயே இருக்கு."

"கேள்விய எழுதினா ஆர்டர் வந்துடுமா?"

"கேள்விக்குப் பதிலும் எழுதணும். நீங்கதான்."

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறாளாம். சனி ஞாயிறு சரி, திங்கட்கிழமை ஆபீஸ் இல்லையா என்றேன். நீங்கள்தான் ஆபீஸ் என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதுகிறேன், எழுதுகிறேன், விரல் வீங்கிப்போச்சு. நாற்பத்தொரு கேள்வி. பேசும்போது தண்ணீராக வருவது எழுதும்போது வருவதில்லை. மிளகு எத்தனை என்றால் கைக்குத் தெரியும், பேனாவுக்குத் தெரியவில்லை. பிரேமலதாவின் கையளவை நிறுத்துப் பார்த்து எழுதினேன்.

கொடுமை என்னவென்றால், மானசாவுக்கு என் தமிழ்க் கையெழுத்து படிக்க வரவில்லை. அச்சில் இருந்தாலே எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆகவே தினமும் சாயங்காலம் அவள் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது நான் போனில் படிக்க வேண்டும், அவள் இங்கிலீஷில் அடிப்பாள். மான்குர்டு தாண்டினால் பாலத்தில் சிக்னல் போய்விடும், வாஷியில் மறுபடி முதலிலிருந்து. நேற்றைக்குச் சேனைக்கிழங்கை மூன்று தடவை படித்தேன். ஆத்துக்காரருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

பக்கம் வந்துவிட்டது. வாருங்கள் இல்லை, கொண்டாட்டம் இல்லை. கேள்வி, கீழே பதில். படிவம் அனுப்பினால் போகிற செய்தியை நானே சொன்னேன்: 'கிடைத்தது. பானுமதி கூப்பிடுவாள்.' அவ்வளவுதான்.

ரேங்க்? மூன்றாம் பக்கம். சிரிப்புத்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாம் பக்கம். இரண்டு முழுச் சமையல் ஆர்டர் வந்திருக்கிறது, செப்டம்பரில் வருகிற மஹாளயத்துக்கு.

கோபர்கைரனேயிலிருந்து ஒருவர்: "மாமி, உங்க பேஜப் பாத்து நானே பண்ணிடலாம்னு தைரியம் வந்துடுத்து. சாப்பாடு வேண்டாம். காய், எள், மிளகுப்பொடி, இலை, எல்லாம் ஒண்ணாக் கட்டி அனுப்ப முடியுமா? இங்க எது எங்க கெடைக்கும்னே தெரியலை."

நான் என்ன மளிகைக்கடையா? கேட்டே விட்டேன். பாவம், ஸாரி மாமி என்று வைத்துவிட்டார்.

மானசா ஒரு பட்டியல் அனுப்பினாள். எதைத் தேடிக்கொண்டு எந்த வார்த்தை வழியாக ஜனங்கள் நம் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று அதில் தெரியுமாம். முதல் இடத்தில் கறுப்பு எள்ளும் இல்லை, காக்காயும் இல்லை. 'பிள்ளை இல்லை, பெண் அப்பாவுக்கு திதி செய்யலாமா?' நம் பக்கத்தில் அதற்குப் பதிலே இல்லை. இருந்தும் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

"இதுக்கு ஒரு பதில் எழுதுங்கோ மாமி."

அது சமையல் கேள்வி இல்லை, சாஸ்திரிகளைக் கேட்கச் சொல்லு என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

சரி, நானே செம்பூர் சாஸ்திரிகளைக் கேட்டேன். "அதெல்லாம் பேஜ்ல போடற விஷயம் இல்லை பானுமதி. ஒருத்தர் ஆகும்பார், ஒருத்தர் ஆகாதும்பார். சமையலோட நிறுத்திக்கோ. இல்லேன்னா நான் உன்கிட்ட ஆள் அனுப்பறது கஷ்டமாயிடும்."

இருக்கிற ஒரே சாஸ்திரிகள். நிறுத்திக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

என்ன மழை! கிங் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர். ஹார்பர் லைன் பத்து மணிக்கே நின்றுவிட்டது. காலையில் இங்கே ஏதோ போட்டோ எடுக்க வந்த மானசா மாட்டிக்கொண்டாள். நானும் பிரேமலதாவும் அவளுமாக மூன்று பேர், மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு வாசலில் மணல் மூட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுபடியும் அந்தக் கேள்வியை எடுத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதையே ஏண்டி பிடிச்சுண்டு தொங்கறே? யாரோ தேடறா, தேடட்டும். அவா பதிலுக்காக நான் சாஸ்திரிகளப் பகைச்சுக்கணுமா?"

"யாரோ இல்லை மாமி. நானும் தேடினேன்."

மூடியைத் தேடி மோர்ப் பாத்திரத்தை மூடினேன்.

"மொத வருஷம் சித்தப்பா பண்ணினார். இந்த வருஷம் அவர் பிள்ளைகிட்ட அமெரிக்கா போயிட்டார், அங்கேர்ந்தே பாத்துக்கறேன்னுட்டார். அங்கேர்ந்தே என்ன பாத்துப்பார்? அம்மா யார்கிட்டயும் கேக்க மாட்டா. நான் ஆபீஸ்ல உக்காந்து எல்லா விதமாவும் டைப் பண்ணிப் பாத்தேன். ஒரு எடத்துல பாவம்னு போட்டிருக்கு, ஒரு எடத்துல ஆன்லைன்ல பணம் கட்டுன்னு போட்டிருக்கு. இத்தனை கேட்டரிங் பேஜ் இருக்கே, எவனாவது ஒருத்தன் 'நீ இதப் பண்ணலாம்'னு ஒரு வரி போட்டிருந்தா போதும் மாமி."

பிரேமலதா எழுந்து போய், காலியாக இருந்த பாத்திரத்தைத் தேய்த்தாள்.

நான் போன மாதம் இந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன்! அதுக்கு மன்னிப்பாவது கேட்டேனா? இல்லை. இன்னிக்கும் கேக்கலை. வாயே வரலை. "மழை விட்டுடுத்து, கெளம்பு" என்றுதான் வந்தது. மழை விடவே இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதினேன். நாலு வரி. இரண்டு நாளாக அடித்தேன், திருத்தினேன்.

'ஹோமம், பிண்டம் பற்றி உங்கள் சாஸ்திரிகளைக் கேளுங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சமையல் பற்றி நான் சொல்கிறேன். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெண் சமைக்கலாம். அரிசி, பாசிப்பருப்பு, வாழைக்காய், வெல்லம் ஒரு தட்டில் வைத்து ஒருவருக்குக் கொடுக்கலாம், ஒரு பிடி சாதம் வெளியில் வைக்கலாம். இதற்கு யாரும் உத்தரவு தர வேண்டாம். வெங்காயம் மட்டும் போடாதீர்கள்.'

மானசாவுக்கு போனில் படித்தேன். அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தமே இல்லை. பாலத்தில் சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன் மாமி" என்றாள். மறுபடி படிக்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாஸ்திரிகள் பார்த்துவிட்டார். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "நீ யாரு இதச் சொல்றதுக்கு?"

"சமைக்கறவ" என்றேன். வைத்துவிட்டார்.

போச்சு. மூன்று நாளில் பிள்ளையார் சதுர்த்தி. கையில் மஹாளயத்துக்கு ஐந்து ஆர்டர். ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு சமையலறையா?

ஆகஸ்ட் 25, திங்கள்

அந்தக் கோபர்கைரனேக்காரர் கேட்ட மாதிரியே இன்று இன்னும் இரண்டு பேர், ஒருத்தர் நெருள், ஒருத்தி தாணே. சாப்பாடு வேண்டாம், சாமான் வேண்டும். தாணேக்காரி அந்தக் கேள்வியைத் தேடி வந்தவள். அக்கா தங்கை இரண்டு பேர், பிள்ளை இல்லாத வீடு. 'நீங்க எழுதியிருந்தத என் தங்கைக்குப் படிச்சுக் காட்டினேன்' என்றாள்.

இந்தத் தடவை மளிகைக்கடையா என்று கேட்கவில்லை. பத்தொன்பது பேர் அன்று ஏன் ஆர்டர் கொடுக்கவில்லை என்று இப்போதுதான் மரமண்டைக்கு ஏறுகிறது. அவர்களுக்குச் சமைத்துத் தர ஆள் வேண்டாம். தாங்களே செய்ய வேண்டும், பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் அவர்களைக் கஞ்சப் பிசுனாரிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாமானைக் கட்டி அனுப்பும் பெட்டிக்குள் என்னென்ன வைப்பது என்று பிரேமலதாவும் நானும் சண்டை போட்டோம். நறுக்கி அனுப்பினால் சுலபம் என்கிறாள். முதல் நாள் நறுக்கினது மடிக்கு ஆகாது என்றேன். முழுக்காய்தான். மிளகுப்பொடி, எள்ளுருண்டை, அதிரசம் மட்டும் நம் கையால்.

கோபர்கைரனேக்காரருக்கு நானே போன் பண்ணினேன். பதினாலு வருஷத்தில், கூப்பிடு என்று கேட்காத ஒரு வாடிக்கையாளருக்கு நானாக போன் பண்ணியது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஜெயராமிடம் தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம். அவர் ஏற இறங்கப் பார்த்தார். ஆத்துக்காரர் சாயங்காலம் முழுக்க ஒரு கிண்டலும் பண்ணவில்லை, பேப்பரையும் ஒரு தடவைதான் படித்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

திவசச் சமையல் என்று தேடினால் மூன்றாவது. பெண் திதி செய்யலாமா என்ற அந்தக் கேள்வியைத் தேடினால் முதலாவது. மானசா கத்திய கத்தலில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

மஹாளயபட்சம் ஓடிக்கொண்டிருக்கிறது, உட்கார நேரமில்லை. முழுச் சமையல் பதினொன்று ஆகிவிட்டது. கொலாபாவிலிருந்து ஒரு வீடு வந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்டால், செம்பூர் சாஸ்திரிகளாம். அவர் போன் பண்ணவில்லை. ஆள் மட்டும் அனுப்பியிருக்கிறார்.

வாழையிலைக்காரன் என்னைப் பார்த்ததும் விலையை ஏற்றுகிறான்.

செப்டம்பர் 20, சனி

நாளை மஹாளய அமாவாசை, ஞாயிறு. ஹார்பர் லைனில் மெகாபிளாக், தண்டவாள வேலை, ரயில் ஓடாது. ஆகவே பெட்டியெல்லாம் இன்றைக்கே டெம்போவில் போயாக வேண்டும். முப்பத்தெட்டுப் பெட்டி. ஜெயராம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வராந்தாவையும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் மாமி என்றார்.

சீட்டு ஒட்டும்போது பிரேமலதா ஒன்றை என்னிடம் நீட்டினாள். கோபர்கைரனே, செக்டர் பதினைந்து, மானசா சாய்நாத். எல்லாரையும் போலப் படிவத்தில் போட்டுப் பணமும் கட்டியிருக்கிறாள். இந்த வாரம் முழுக்க என் எதிரில் உட்கார்ந்திருந்தவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'மாமி ப்ளீஸ் போன் பண்ணாதீங்கோ, நானே பண்ணிக்கறேன்.'

பணத்தைத் திருப்பி அனுப்பலாம் என்றால், பிரேமலதா வேண்டாம் என்றாள். அவள் சொன்னது சரி.

செப்டம்பர் 21, ஞாயிறு, அமாவாசை

காலை நாலிலிருந்து நின்ற கால். நாலு வீட்டுச் சமையலும் நேரத்துக்குப் போய்விட்டது. போன் எத்தனை என்று எண்ணவில்லை.

நான் மானசாவுக்கு போன் பண்ணவில்லை. மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவை வைத்தேன்.

பதினொன்றரைக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி. ஒரு படம்: நறுக்கின வாழைக்காய், கன்னங்கரேல் என்று. 'மாமி, கறுத்துப் போயிடுத்து. இன்னொண்ணு இல்லை. பரவாயில்லையா?'

நறுக்கினதும் மோர்த்தண்ணீரில் போட வேண்டும். பக்கத்தில் எழுதியிருக்கிறது. மூன்று இடத்தில். நான் தொண்டை வறளப் படித்து, அவள் தன் கையாலேயே டைப் அடித்தது! ஊருக்கெல்லாம் காட்டினாளே, தான் ஒரு தடவை படித்தாளா?

திட்ட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். 'பரவாயில்லை, போடு. அப்பா சாப்பிடுவார்' என்று எழுதி அனுப்பினேன்.